உறக்க நல மையத்தில் தூங்கக் கூடாது

துறைமுகத்தில் தினமும் வேலை தொடங்குமுன் ஒரு சடங்கு உண்டு. கிரேன் ஓட்டுபவர்கள், லாரி ஓட்டுபவர்கள், கொக்கி மாட்டுபவர்கள் எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். ஷிப்ட் அதிகாரி ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, "நல்லா தூங்கினீங்களா?" என்று கேட்பார். "தூங்கினேன் சார்" என்று சொல்ல வேண்டும். பாதுகாப்பை மேம்படுத்துவதற்காக நிபுணர்கள் கூடிப் பேசி, நிறைய டீ குடித்துக் கண்டுபிடித்த கேள்வி அது.

கொட்டாவிக்கு நடுவே அந்தப் பதிலைச் சொல்லி முடித்தவர்கள் உண்டு. நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்த லாரிக்காரர் ஒருவர், பக்கத்து ஆள் இடித்ததும் திடுக்கிட்டு "தூங்கினேன் சார்" என்றார். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதிகாரியும் பதிலைக் காதில் வாங்கிக்கொள்வதில்லை. துறைமுகத்தில் அந்தக் கேள்வி புழக்கத்துக்கு வந்த நாளிலிருந்து அதற்கு வேறு பதில் வந்ததில்லை. வேறு பதில் வந்தால் என்ன செய்வது என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவும் இல்லை.

அந்த வரிசையில்தான் ஒரு நாள் கிரேன் அக்கா, "இல்லை சார்" என்றார்.

கிரேன் அக்காவை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். ஏணியை அண்ணாந்து பார்த்தாலே மற்றவர்களுக்குத் தலை சுற்றும் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஒரு வீடு அளவுக்கு இருக்கும் இரும்புப் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கிக் கீழே நிற்கும் லாரியின் முதுகில் சத்தமில்லாமல் வைப்பார். அந்த நாற்காலியில் உட்கார்வதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பெண்ணுக்கு உயரம் ஒத்துக்காது என்று சொன்னவர்கள் எல்லாம் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்கள். அக்கா மட்டும் மேலேயே இருந்தார்.

அதிகாரிக்குக் காதில் ஏதோ கோளாறு என்று தோன்றியிருக்க வேண்டும்.

"என்னம்மா சொன்னீங்க?"

"தூங்கலைன்னு சொன்னேன் சார். கொஞ்ச நாளாவே இப்படித்தான். எனக்குப் பீரியட்ஸ் நிக்கிற நேரம். ராத்திரி திடீர்னு உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்குது, வேர்த்து ஊத்துது, முழிப்பு வந்துடுது. போதாக்குறைக்கு நீங்க ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் நைட் ஷிப்ட்னு மாத்தி மாத்திப் போடறீங்க. வர நினைக்கிற தூக்கமும் எப்ப வரணும்னு தெரியாம வாசல்லயே நின்னுட்டுப் போயிடுது. எனக்கு ஒரே ஷிப்ட்டா போட்டுக் குடுங்க. மேல கூண்டுல ஏசி செத்துப்போய்க் கிடக்கு, அதைச் சரி பண்ணிக் குடுங்க. ரெண்டே விஷயம்தான்."

வரிசையில் இருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கடலைப் பார்த்தார்கள். கடலில் அப்போது பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அதிகாரி தன் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"மேல ஏசி ஓடுதேம்மா. போன வாரம்கூட ஆள் வந்து பார்த்துட்டுப் போனாங்களே."

"அது எலக்ட்ரிக் பேனல் இருக்கிற பொட்டிக்கு சார். நான் உட்கார்ற கூண்டுக்கு இல்லை."

"பேனல் சூடானா மிஷின் நின்னுடும்மா."

"நான் சூடானா?"

அதிகாரி இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. யோசிக்கச் சொல்லி அவருக்கு உத்தரவும் வந்ததில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தூங்கினேன்னே சொல்லிடுங்கம்மா. எல்லாருக்கும் சுலபமா போயிடும்" என்றார்.

"தூங்காம தூங்கினேன்னு சொல்லிட்டு மேல ஏறி, அந்தப் பெட்டியை யார் தலைமேல சார் இறக்கறது?"

உண்மை பேசிய ஊழியரை மேலே அனுப்புவது ஆபத்து என்று நிர்வாகம் உடனே முடிவு செய்தது. கிரேன் அக்கா துறைமுகத்தின் கேட்டில் தலைக்கவசம் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு இறக்கப்பட்டார். அவருடைய கிரேன், வரிசையில் எல்லோரையும்விடச் சத்தமாகத் "தூங்கினேன் சார்" என்று சொல்லும் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் முதல் நாளே ஒரு பெட்டியை லாரிக்குப் பக்கத்தில் இறக்கினார். லாரி அங்கே இருந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். மறுபடி கூண்டுக்குப் போக வேண்டுமென்றால் உறக்க நல மையத்தின் ஒப்புதல் வேண்டும் என்று அக்காவிடம் சொன்னார்கள்.

உறக்க நல மையம் துறைமுக நிர்வாகத்தின் பெருமை. நல்ல கட்டடம், கண்ணாடிக் கதவு, கதவுக்கு மேலே கொட்டை எழுத்தில் ‘நலமாய் உறங்குவோம், வளமாய் உழைப்போம்’. உள்ளே காத்திருக்கும் கூடத்தில் வரிசை வரிசையாக நாற்காலி. தூக்கம் வராதவர்கள் எல்லோரும் காலையிலிருந்து அங்கே உட்கார்ந்திருப்பதால், வெயில் ஏறும் நேரத்தில் ஒவ்வொருவராகக் கண்ணயர்வார்கள். உடனே காவலாளி வந்து தோளில் தட்டுவார். சுவரில் பெரிதாக ‘இங்கே தூங்கக் கூடாது’ என்று எழுதியிருந்தது.

"தூக்கம் வரலைன்னுதானேய்யா இங்க வந்தேன். இப்ப வருது, விடேன்" என்றார் அக்காவுக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர்.

"வந்தா வீட்டுக்குப் போய்த் தூங்குங்க ஐயா. இது ஆபீஸ்" என்றார் காவலாளி.

அக்காவின் முறை வந்தது. பதிவு செய்யும் குமாஸ்தா, தூக்கமின்மைக்கான காரணத்தைச் சொல்லச் சொன்னார். அக்கா சொன்னார். குமாஸ்தா திரையில் மேலிருந்து கீழே போனார், கீழிருந்து மேலே வந்தார். கடன், காதல், குடி, கொசு, பக்கத்து வீட்டு நாய், பேய் என்று இருந்ததே தவிர அக்கா சொன்னது இல்லை.

"நீங்க சொல்றது இதுல இல்லையேம்மா."

"பேய் இருக்கு. நான் இல்லையா?"

"பேய் போன வருஷம் சேர்த்ததும்மா. நிறைய பேர் கேட்டாங்க."

"ஊர்ல பாதிப் பேர் பொம்பளைங்க. எல்லாருக்கும் இந்த வயசு வருமே தம்பி."

"வரும்மா. ஆனா யாரும் வந்து சொன்னதில்லையே." குமாஸ்தா மனமிரங்கிக் கடைசியில் ஓர் இடம் கண்டுபிடித்தார். வெள்ளம், புயல், நிலநடுக்கம் ஆகியவற்றால் தூக்கம் கெட்டவர்களுக்காக ‘இயற்கைச் சீற்றம்’ என்று ஒரு வகை இருந்தது. "எப்படியும் இயற்கைதானேம்மா" என்று அதில் சேர்த்துவிட்டார். அதன் பலனாக அடுத்த வாரமே அக்காவின் வீட்டு வாசலில் நிவாரணப் பிரிவின் வண்டி வந்து நின்றது. ஒரு தார்ப்பாய், ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு கட்டு மெழுகுவத்தி இறக்கினார்கள். மனதைத் தளரவிடக் கூடாது என்று அக்காவின் கணவரிடம் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கணவர் தையல்காரர். கணக்காகத் துணி வெட்டுவார், வம்புதும்புக்குப் போகமாட்டார். ஆனால் குளிர் மட்டும் ஆகவே ஆகாது. அக்கா ராத்திரி எரிகிறது என்று எழுந்து ஃபேனைப் போடுவார். இவர் நடுங்குகிறது என்று எழுந்து அணைப்பார். அக்கா ஜன்னலைத் திறப்பார். இவர் சாத்துவார். கொஞ்ச காலமாக அந்தப் படுக்கையறையில் இரண்டு பேரும் காவல் பணியில்தான் இருந்தார்கள்.

"மையத்துல என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் அவர், தார்ப்பாயை மடித்தபடி.

"நான் புயலாம்."

"அது எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார் தையல்காரர். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொள்ள நேர்ந்தது.

அடுத்தது மன ஆலோசகர். தலை கலையாத சின்ன வயதுக்காரர். குரலைத் தரையில் வைத்துத் தடவிக்கொடுப்பது போலப் பேசினார். விளக்கைக் குறைத்தார், புல்லாங்குழல் போட்டார்.

"கண்ணை மூடிக்கங்கம்மா. மூச்சை மெதுவா உள்ள இழுங்க. இப்ப உங்க முன்னாடி ஒரு குளம் இருக்கு. அலையே இல்லாத குளம். தெரியுதா?"

"தெரியுது."

"என்ன தோணுது?"

"இறங்கிடலாமான்னு தோணுது. உடம்பெல்லாம் எரியுது தம்பி. இந்த ரூம்ல ஜன்னலே இல்லையா?"

ஆலோசகர் பொறுமையாகச் சிரித்தார். பொறுமை அவர் படித்து வாங்கியது. "எரியறது வெளியில இல்லைம்மா, மனசுல. இதெல்லாம் வயசோட வர்றது. இயற்கை. கொஞ்ச வருஷத்துல தானா போயிடும். அதுவரைக்கும் பழகிக்கணும். துணியை அடுக்கடுக்கா போட்டுக்கங்க, வேணுங்கிறப்ப ஒண்ணைக் கழட்டிடலாம். எல்லாத்துக்கும் மேல, மனசை அமைதியா வச்சுக்கங்க."

"கொஞ்ச வருஷம்னா எவ்வளவு?"

"சிலருக்குச் சீக்கிரம் போயிடும். சிலருக்குப் பத்து வருஷம்கூட ஆகலாம்."

"பத்து வருஷம் நான் கேட்டுல தொப்பி எடுத்துக் குடுத்துட்டு இருக்கணுமா?"

ஆலோசகர் குளத்துக்குத் திரும்பிப் போகச் சொன்னார். அக்கா போகவில்லை. ஆனால் அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் மனதில் வைத்துக்கொண்டார்.

கடைசியாகப் பரிசோதனை. உண்மையிலேயே தூங்குகிறாரா இல்லையா என்று மிஷின் சொல்லும். அதற்காகத் தனி அறை, தனிக் கட்டில். ஒரே ஒரு விஷயம், மையம் சாயங்காலத்தோடு மூடிவிடும். ஆகவே இரவுத் தூக்கத்தைப் பகலில்தான் பரிசோதிப்பார்கள்.

"எனக்கு ராத்திரிதானே தூக்கம் வரலை?" என்று அக்கா கேட்டதற்கு, "ராத்திரி ஊழியர்கள் தூங்க வேண்டாமா?" என்று திருப்பிக் கேட்டார்கள். நியாயமாகத்தான் பட்டது.

அறைக்குள் காலை வைத்ததும் அக்காவின் தோல் சில்லிட்டது. எங்கிருந்தோ குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. மிஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண், அக்காவின் வயதுதான் இருக்கும், தலையில் ஒவ்வொரு வயராகப் பசை போட்டு ஒட்டினார். வெளியே எல்லோரும் ஸ்வெட்டரோடு நடமாட, அவர் மட்டும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டிருந்தார்.

"ரூம் இவ்வளவு குளிரா இருக்கே" என்றார் அக்கா.

"பதினாறுல வச்சிருக்கு. மிஷினுக்காக. சூடானா தப்பாக் காட்டும்னு ஏசியைக் குறைக்கவே விடமாட்டாங்க." சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தார், குனிந்தார். "எனக்கும் உங்களுக்கு இருக்கிறதேதான் அக்கா. நான் ஏன் இந்த ரூமைக் கேட்டு வாங்கினேன்னு நினைக்கிறீங்க? கீழ கம்ப்யூட்டர் ரூமைப் பெருக்கறவங்க, மருந்துக்கு ஐஸ் பெட்டி வச்சிருக்காங்களே அந்த ரூம்ல இருக்கறவங்க, எல்லாரும் நம்ம வயசுதான். இந்தக் கட்டடத்துல எங்க மிஷினுக்காகக் குளிர் வச்சிருக்காங்களோ அங்க எங்கள்ல ஒருத்தி இருப்பா. எங்களுக்குன்னு கேட்டா தருவாங்களா?"

"யாரும் கேக்கலையா?"

"கேட்டா அந்த ஆலோசகர்கிட்ட அனுப்புவாங்க. குளம்." மிஷின்காரம்மா கடைசி வயரை ஒட்டினார். "இவங்க சொல்லமாட்டாங்க, நான் சொல்றேன். பெரிய ஆஸ்பத்திரியில இதுக்குன்னு பொம்பளை டாக்டர் இருக்காங்க. மருந்தும் இருக்கு. நான் போனதுக்கப்புறம் பரவாயில்லை. நீங்களும் போங்க. இப்பக் கண்ணை மூடுங்க."

அக்கா கண்ணை மூடினார். அவ்வளவுதான் அவருக்கு ஞாபகம். மதிய உணவு நேரத்தில் மூன்று பேர் சேர்ந்து உலுக்கி எழுப்பினார்கள்.

அக்கா அன்று வீட்டுக்குப் போன கையோடு ஜன்னலை விரியத் திறந்தார், ஃபேனை உச்சத்தில் வைத்தார். தையல்காரர் பழக்கதோஷத்தில் சுவிட்ச் பக்கம் நகர்ந்தார்.

"கையை எடுங்க."

"எனக்குக் குளிருமே."

"குளிர்ந்தா மேல ஒண்ணுக்கு ரெண்டா போர்த்திக்கலாம். எனக்கு எரியும்போது தோலைக் கழட்டி ஹேங்கர்ல மாட்ட முடியுமா?"

தையல்காரர் யோசித்தார். தொழில்முறையில் அது அவருக்குச் சட்டென்று புரிந்தது. மறுநாளே தடித்த துணி வாங்கி, உள்ளே பஞ்சு வைத்து, தலையிலிருந்து கால்வரை மூடுகிற மாதிரி தனக்கு ஒரு பை தைத்துக்கொண்டார். மீந்த துணியில் அக்காவின் சீருடைச் சட்டைக்கு, முன்பக்கம் பொத்தான் போட்ட ஆழமான பாக்கெட் ஒன்றும் வைத்துக் கொடுத்தார். மறுபடி கிரேன் ஏறும்போது போன் கீழே விழாமல் இருக்கும் என்றார். மறுபடி ஏறுவாய் என்று அவர் சொன்ன விதம் அக்காவுக்குப் பிடித்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கும் இரண்டு பேரும் போய்வந்தார்கள். அந்த டாக்டரம்மா குளம் எதையும் காட்டவில்லை. முழுக்கக் கேட்டார், மருந்து கொடுத்தார், அறையைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளச் சொன்னார், தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கச் சொன்னார். ஷிப்ட்டை மாற்றி மாற்றிப் போடுகிறவனை என்ன செய்யலாம் என்று அக்கா கேட்டதற்கு மட்டும் அவரிடம் மருந்து இல்லை.

இதற்குள் மையத்தில் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. இவ்வளவு ஆழமான, இவ்வளவு சீரான தூக்கத்தை அந்த மிஷின் அதுவரை பார்த்ததில்லை. இயக்குநர் மகிழ்ந்துபோனார். மையத்தின் ஆண்டு விழா பக்கத்தில் இருந்தது, காட்டுவதற்குச் சாதனை எதுவும் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். விளைவு, துறைமுகத்தின் பிரதான கேட்டுக்கு மேல் ஒரு பெரிய விளம்பரப் பலகை ஏறியது. தலை முழுக்க வயரோடு, வாயைத் திறந்து தூங்கும் கிரேன் அக்காவின் படம். கீழே ‘எங்கள் மையத்தால் உறங்கும் ஊழியர்’. அதற்குக் கீழே நிஜ அக்கா நின்று தலைக்கவசம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். லாரிக்காரர்கள் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்கள்.

பலகை ஏறிய கையோடு குற்றச்சாட்டும் வந்தது. இவ்வளவு நன்றாகத் தூங்குகிறவர் ‘தூங்கலை’ என்று சொன்னது பொய்தானே. விசாரணையில் நிரூபணமானால் ஓய்வு பெறும்வரை கேட்டில்தான். கிரேன் ஏணியைத் தொடவே கூடாது.

விசாரணைக் கூடத்தில் நீள மேஜை. ஒரு தலைமாட்டில் இயக்குநர், பக்கத்தில் பணியாளர் அதிகாரி, அப்புறம் மன ஆலோசகர், ஷிப்ட் அதிகாரி. மிஷினுக்காகச் சாட்சி சொல்ல மிஷின்காரம்மா. எதிரே அக்கா. மேஜையின் நடுவே, மடித்த துண்டின்மேல் ஏசி ரிமோட். அதன் பக்கத்தில் தலையணை வடிவத்தில் ஒரு பித்தளைக் கேடயம் பளபளத்தது.

"முதல்ல பாராட்டு, அப்புறம் தண்டனை" என்று இயக்குநர் தொடங்கினார். "மையத்தின் சிறந்த உறக்கத்துக்கான கேடயம் உங்களுக்குத்தான்மா. வாழ்த்துகள். அடுத்தது, தூங்கலைன்னு நீங்க சொன்ன பொய். அதுக்கு முன்னாடி சில வார்த்தை பேசணும். இந்த மையம் வர்றதுக்கு முன்னாடி இந்தத் துறைமுகத்துல என்ன நிலைமை? கேட்டா, ஆளாளுக்குத் தூங்கலை தூங்கலைன்னு சொல்லுவாங்க. நாங்க என்ன பண்ணினோம்? அந்தக் கேள்வியைத் தினமும் அதிகாரி முன்னாடி வச்சுக் கேட்க ஆரம்பிச்சோம். இன்னைக்கு நூத்துக்கு நூறு பேரும் தூங்கினேன்னு சொல்றாங்க. நம்ம நோக்கம் தெளிவானது. ஊழியர்கள் தூங்கறாங்களாங்கறது அவங்க சொந்த விஷயம். தூங்கலைன்னு புகார் வரக்கூடாதுங்கறதுதான் மையத்தோட விஷயம். அதுல நாம ஜெயிச்சுட்டோம். இவங்க ஒருத்தரைத் தவிர."

பணியாளர் அதிகாரி தலையாட்டினார். ஆலோசகர் மெதுவாகத் தலையாட்டினார்.

"சார், நான் ஒண்ணு சொல்லலாமா" என்றார் மிஷின்காரம்மா. "அவங்க தூங்கினது குளிரால. அந்த ரூம்ல பதினாறு. அவங்க உடம்புச் சூட்டுக்கு அதுதான் ஒத்துக்கிச்சு."

"அந்தக் குளிர் மிஷினுக்கும்மா, நோயாளிக்கு இல்லை" என்றார் இயக்குநர். "குளிருக்கும் வெயிலுக்கும் தூக்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சூடு, குளிர் எல்லாம் மனசு பண்ற வேலை. இதை நான் எத்தனையோ மேடையில பேசியிருக்கேன். கைதட்டியிருக்காங்க."

அப்போது அக்காவுக்கு அது வந்தது. நெஞ்சில் தொடங்கி, கழுத்தில் ஏறி, காது மடலில் போய் நின்றது. முதுகில் வேர்வை கோடு இழுத்தது. முன்பெல்லாம் இப்படி ஒரு கூட்டத்தில் வந்தால் அழுகையும் கூடவே வரும், பாத்ரூமுக்கு ஓடுவார். இன்றைக்கு வந்தது வெறும் கோபம். தன் கிரேனைப் பிடுங்கி, தன்னை வாயைத் திறந்தபடி கேட்டில் மாட்டி, இப்போது பித்தளையில் தலையணை வேறு நீட்டுகிறார்கள். அக்கா கையை நீட்டினார். கேடயத்தைத் தாண்டிப் போய் ரிமோட்டை எடுத்தார். பதினாறுக்கு இறக்கினார். பிறகு அதைத் தையல்காரர் தைத்த பாக்கெட்டில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் பணியாளர் அதிகாரி.

"ஒண்ணுமில்லை சார். எனக்கு எரியுது. உங்களுக்குத்தான் சம்பந்தமே கிடையாதே. இருந்துட்டுப் போகட்டும்."

அந்தப் பாக்கெட்டில் கையை விட அங்கிருந்த யாருக்கும் பதவி போதவில்லை. எழுந்து வெளியே போகலாம். ஆனால் இயக்குநர் முடித்துவைக்காமல் யாரும் எழக்கூடாது என்பது விசாரணை விதி. இயக்குநர் முடித்துவைத்தால் குளிருக்காக முடித்துவைத்ததாக ஆகிவிடும். அவர் கோட்டுப் பொத்தானை மட்டும் மாட்டிக்கொண்டு, தூக்கம் மனம் சார்ந்தது என்று விளக்கத் தொடங்கினார். விளக்கம் நீளமானது. நடுவில் அவருடைய பற்கள் தனியாகப் பேச ஆரம்பித்தன.

ஆலோசகர் இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு, "அக்கா, ரொம்பக் குளிருது. தயவுசெஞ்சு" என்றார்.

"குளிர்றது வெளியில இல்லை தம்பி, மனசுல" என்றார் அக்கா. "கண்ணை மூடிக்கோ. முன்னாடி ஒரு அடுப்பு இருக்குன்னு நினைச்சுக்கோ. தெரியுதா? அடுத்த தடவை வரும்போது துணியை அடுக்கடுக்கா போட்டுக்கிட்டு வா."

"விளையாடாதீங்கம்மா" என்றார் இயக்குநர்.

"விளையாடலை சார். இது இயற்கை. தானா போயிடும். சிலருக்குச் சீக்கிரம் போயிடும், சிலருக்குப் பத்து வருஷம்கூட ஆகும். பழகிக்கங்க. நான் பழகலையா? மனசை மட்டும் அமைதியா வச்சுக்கங்க."

மிஷின்காரம்மா சட்டைக் கையை இன்னும் ஒரு மடிப்புச் சுருட்டிவிட்டுக்கொண்டு, அந்தக் கூடத்தில் எல்லோரையும்விடச் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். முதலில் விழுந்தது பணியாளர் அதிகாரிதான். மூக்கிலிருந்து நீர் வழிய, "சம்பந்தம் இருக்கு" என்றார்.

"என்ன சார்?" என்று அக்கா காதைக் காட்டினார்.

"சம்பந்தம் இருக்கும்மா. உடம்புக்கும், சூட்டுக்கும், குளிருக்கும், எல்லாத்துக்கும் சம்பந்தம் இருக்கு. நீங்க சொன்னது பொய் இல்லை. என்ன வேணும் சொல்லுங்க, எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன்."

இயக்குநர் மறுக்க வாயைத் திறந்தார். தும்மல்தான் வந்தது. அது சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

"அன்னைக்கு வரிசையில சொன்னதேதான் சார். ரெண்டு விஷயம்னு சொன்னேன். ஒரே ஷிப்ட். கூண்டுக்கு ஏசி. இப்ப மூணாவதா ஒண்ணு, என் நாற்காலி. அப்புறம் அந்தப் பலகையை இறக்குங்க. என் வாயை ஊர் பார்த்தது போதும்."

கையெழுத்து கோணலாக விழுந்தது. நடுங்கும் கையில் வேறு எப்படி விழும். அக்கா படித்துப் பார்த்தார், மடித்தார். அதன் பிறகுதான் பாக்கெட்டின் பொத்தானைக் கழற்றினார். போகும்போது கேடயத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டார். அது இன்றும் அவர்கள் வீட்டுப் படுக்கையறையில் இருக்கிறது. காற்றில் ஜன்னல் சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுக்க அதைவிட நல்ல சாமான் கிடைக்கவில்லை. பஞ்சுப் பைக்குள் படுத்திருக்கும் தையல்காரர் சில ராத்திரிகளில் அதை ஏக்கத்தோடு பார்ப்பார். நகர்த்தியதில்லை.

இதெல்லாம் நடந்த பிறகு நிர்வாகம் கூடி யோசித்தது. இன்னொரு ஊழியர் "இல்லை" என்று சொல்லிவிட்டால் என்ன ஆவது? ஊழியர்களைத் தூங்கவைப்பதா, கேள்வியை எடுத்துவிடுவதா என்று நெடுநேரம் விவாதித்தார்கள். கேள்வியை எடுத்துவிட்டார்கள். இப்போது ஷிப்ட் அதிகாரி வரிசைக்கு முன்னால் நின்று, "எல்லாரும் வந்தாச்சா?" என்று மட்டும் கேட்கிறார்.

அக்கா வரிசையிலிருந்து போய் ஏணி ஏறுகிறார். கூண்டுக் கதவைச் சாத்துகிறார். புது ஏசியைப் போடுகிறார். முதல் பெட்டியைத் தூக்குவதற்கு முன், துறைமுகம் முழுவதும் கேட்கும் ஒலிபெருக்கியின் மைக்கை எடுத்து அழுத்துகிறார். மேலே யாரும் வர முடியாது, பிடுங்கவும் முடியாது.

"ஷிப்ட் சார், நீங்க நல்லா தூங்கினீங்களா?"

கொக்கி மாட்டுபவர்கள் கையை நிறுத்துவார்கள். லாரிக்காரர்கள் தலையை வெளியே நீட்டுவார்கள். அதிகாரி கேட்காததுபோல் கடலைப் பார்ப்பார். அக்கா காத்திருப்பார். பதில் வராவிட்டால் மறுநாளும் கேட்பார். பகல் ஒரு வாரம், ராத்திரி ஒரு வாரம் என்று அந்த அதிகாரிக்கும்தான் மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள். அவரை அதுவரை யாரும் கேட்டதில்லை.

ஒரு நாள் அவர் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியை எடுத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தேதான் எடுத்தார்.

"இல்லைம்மா" என்றார். "தூங்கி ரொம்ப நாளாச்சு."

 ஒலிபெருக்கி கரகரத்தது.

"அப்படின்னா ஒரே ஷிப்ட் வேணும்னு இன்னைக்கே எழுதிக் கேளுங்க சார். கீழ நிக்கிற எல்லாருக்கும் சேர்த்துக் கேளுங்க. அந்த மையத்துக்கு மட்டும் போயிடாதீங்க. அங்க தூங்க விடமாட்டாங்க."

அக்கா பெட்டியைத் தூக்கினார்.